வக்கீல் கட்டிய மாதிரிச் சுவர்

கொத்தனார்கள் கூட்டத்தில் அவருக்கு வக்கீல் என்று பேர். கோர்ட்டுப் படி ஏறியவர் இல்லை. கோணலாகப் போன எந்தச் சுவருக்கும் அவரிடம் ஒரு வாதம் இருந்தது, அதனால் ஒட்டிக்கொண்ட பேர். மூலை விலகினால் நூல் தளர்ந்துவிட்டது என்பார். கல் வரி இறங்கினால் தரையே இறங்கியிருக்கிறது என்பார். எந்த வாதமும் எடுபடாத இடத்தில் கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு: "பூச்சுல போயிடும்."

சும்மா சொல்லக்கூடாது, போய்விடும்தான். சிமெண்டுப் பூச்சு ஏறி, அதன்மேல் பெயிண்டும் ஏறிவிட்டால், உள்ளே கல் நிற்கிறதா, படுத்திருக்கிறதா, பக்கத்துக் கல்லோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறதா என்று யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நம்பிக்கையிலேதான் அவர் பாதி ஆயுளை ஓட்டினார். கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், தான் கட்டிய வீடு ஒன்றைத் தெருவில் நின்று காட்டினார். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பச்சைக் கலர் நல்லாருக்கு" என்றாள். பெயிண்ட் அடித்தவன் எவனோ. அவனுக்குப் போன பாராட்டை இவர் இன்றுவரை மறக்கவில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஊரைவிட்டு வெகுதூரம் வரவழைத்து ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் வேலைக்குச் சேர்த்தார். மச்சான் அங்கே மேஸ்திரி. நூலகம் ஒன்று புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்த பழைய வகுப்புக் கட்டடங்கள் எல்லாம் செங்கல் தெரியும்படி நின்றன. முதல் நாள் வக்கீல் சாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, இதையெல்லாம் எப்போது பூசுவார்கள் என்று கேட்டார்.

"பூச மாட்டாங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். "இப்படியேதான் நிக்கும். புதுசும் அப்படித்தான்."

சட்டை போடாமல் கல்யாண வீட்டுக்குப் போகச் சொன்ன மாதிரி இருந்தது வக்கீலுக்கு.

இந்த மாதிரி பூசாத வேலைக்கு ஒரு முறை உண்டு. சுவரைத் தொடுவதற்கு முன்னால், ஓர் ஓரமாக மாதிரிச் சுவர் ஒன்று கட்டிக் காட்ட வேண்டும். ஆள் உயரம், இரண்டு கையையும் விரித்தால் எட்டுகிற அகலம். கட்டடத்தை வரைந்தவர் வந்து பார்த்து, சரி என்றால் அதன்மேல் நீலப் பெயிண்டில் ஒரு கோடு போடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வளாகத்தில் எழும்பும் ஒவ்வொரு சுவரும் அந்தச் சின்னச் சுவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் இடிக்க வேண்டும்.

யார் கட்டுகிறீர்கள் என்று மச்சான் கேட்டபோது விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வக்கீல் மட்டும் ஓர் அடி முன்னால் வந்தார். என்ன பிசாசு பிடித்ததோ, அவருக்கே தெரியாது. சாகும் முன்னால் தன் சுவர் ஒன்றையாவது நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசையாக இருக்கலாம். பிசாசுக்கு அது வேறு பேர்.

கல்லைப் பொறுக்குவதிலேயே அவருக்குப் பொழுது போனது. சூளையிலிருந்து வரும் செங்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தது கறுத்து முறுகியிருக்கும், தள்ளி இருந்தது வெளுத்திருக்கும். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்றுக்கு மூக்கு உடைந்திருக்கும். வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்தார், தட்டிப் பார்த்தார், காதில் வைத்தார், முனை பார்த்தார், திருப்பினார், பிடிக்காததைத் தள்ளினார். சந்தையில் தக்காளி பொறுக்குகிற மாமியார்கூட அவ்வளவு முகம் சுளித்திருக்க மாட்டாள். அவரோடு வேலை செய்த நெட்டை என்கிற கொத்தனார் கலவைச் சட்டியோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, "அண்ணே, அதுல ஏதாவது ஒண்ணு உங்களைப் பார்த்துச் சிரிச்சா எனக்கும் சொல்லுங்க" என்பான்.

பொறுக்கிய கல்லைக் கலவை இல்லாமல் தரையில் உலரவே அடுக்கிப் பார்த்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் கனத்துக்கு ஒரே சீராகக் கோடு விழும்படி கணக்குப் பண்ணி, அப்புறம்தான் கட்டினார். சுவர் எழுந்தது. அவரே நாலு அடி தள்ளி நின்று பார்த்து, இது யார் கட்டியது என்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

கட்டடத்தை வரைந்த மேடம் வந்தார். சின்ன உருவம், காலணி முழுக்கத் தூசி, பேச்சு மிகக் கம்மி. சுவரை ஒட்டி நின்று பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதெல்லாம் பொறுக்கின கல்லா?

"இல்லைங்க மேடம். கை போன போக்குல எடுத்தது" என்றார் வக்கீல்.

மேடம் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நீலக் கோடு விழுந்தது.

அன்றைக்கே வக்கீல் போனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை போனைக் கையில் ஏந்திக்கொண்டே நடந்தார். அவள் கூப்பிட்டாள். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏன் பூசாமல் விட்டுவிட்டார்கள், கட்டுகிறவர்களுக்குப் பணமுடையா என்று கேட்டாள். அவர் விளக்கினார். பூசாததுதான் அழகு என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி சரி, பூசினதும் இன்னொரு படம் அனுப்புங்க" என்றாள்.

நூலகத்தின் முன்பக்கச் சுவரை வேலையாட்கள் எல்லோரும் சேர்ந்து ஜன்னல் மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேடம் வந்தார். சுவரைப் பார்த்தார், திரும்பி மாதிரிச் சுவரைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். இடித்தார்கள். மறுபடி கட்டினார்கள். மறுபடியும் அதே சாக்பீஸ், அதே வாக்கியம். இந்தத் தடவை கூடவே ஒன்று சொன்னார்: மூன்றாவது முறையும் இப்படி இருந்தால் கம்பெனி வேறு கொத்தனார் குழுவைக் கொண்டுவரும், தன்னால் தடுக்க முடியாது.

அன்று மதியம் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். நெட்டைதான் ஆரம்பித்தான். நல்ல கல்லெல்லாம் அண்ணனுடைய சுவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, நமக்கு மிஞ்சியது மூக்கு உடைந்ததும் முதுகு கூனினதும்தான், அதை வைத்துக்கொண்டு எப்படி அது மாதிரி கட்டுவது என்றான். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று வக்கீலுக்கே பட்டது. இத்தனை பேருடைய பிழைப்புக்கும் தன் கையாலேயே உலை வைத்துவிட்டோமே என்று சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்தார். ஆனாலும் பழக்கதோஷம், கல் சப்ளை பண்ணியவன் மேல்தான் குற்றம் என்று ஒரு வாதத்தை எடுத்து வைத்தார். எவனும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மச்சான் தனியாகக் கூப்பிட்டார். தங்கை புருஷன் என்பதால் அவர் திட்டினாலும் மரியாதையோடுதான் திட்டுவார். கேட்க அதுதான் இன்னும் கஷ்டம்.

"மாப்பிள்ளை, நீங்க தப்பா கட்டியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நல்லா கட்டினீங்க பாருங்க, அதான் வினை. உங்களுக்குன்னு ஒரு தரம் இருக்குல்ல? அதுலயே நின்னிருக்க வேண்டியதுதானே?"

"ஒரு தடவைதானே மச்சான்."

"அந்த ஒரு தடவைக்குத்தான் நீலப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க."

செய்தி எப்படியோ வீட்டுக்கும் போய்விட்டது. மனைவி போனில் அதிகம் பேசவில்லை. அண்ணன் பாடுபட்டுப் பிடித்த வேலை, அதைக் கெடுத்துவிட்டு இங்கே வந்து நின்றால் அண்ணியிடம் தான் எப்படி முகம் கொடுத்துப் பேசுவது என்று மட்டும் கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று வக்கீல் போனை வைத்தார்.

அன்று இரவு படுத்துக்கொண்டு அவர் யோசித்ததில் ஒரு வழி புலப்பட்டது. சுவர்கள் மாதிரியின் உயரத்துக்கு வர முடியவில்லை என்றால், மாதிரி சுவர்களின் உயரத்துக்கு இறங்கி வரட்டுமே. இவ்வளவு எளிமையான விஷயம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனார். மற்றவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பதை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வார லீவு நாளில் வளாகம் காலியாகக் கிடந்தது. காவல்காரரிடம் கொத்துக் கரண்டியை மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். காவல்காரர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை மட்டும் ஆட்டினார். கரண்டியை மறந்தவன் கையில் சுத்தியலும் உளியும் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மாதிரிச் சுவரின் முன்னால் வக்கீல் கொஞ்ச நேரம் நின்றார். பாதி ஆயுளில் அவர் கட்டிய உருப்படியான சுவர் அது ஒன்றுதான். அதையும் அவரே இடிக்க வேண்டியிருக்கிறது. வேறு எவனாவது இடித்திருந்தாலாவது அவனைத் திட்டியிருக்கலாம். மேல் வரியிலிருந்து ஆரம்பித்தார். நன்றாகக் கட்டிய சுவர் லேசில் வரவில்லை. ஒவ்வொரு கல்லாக உளி வைத்துத் தட்டிப் பெயர்க்கும்போது, கட்டினவன் எவன்டா என்று வாய்வரை வந்துவிட்டது.

பிறகு அடுக்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கல் எடுத்து வந்தார். கறுத்தது, வெளுத்தது, மூக்கு உடைந்தது, எல்லாம் கலந்து. கலவை பிசைந்தார். வேலை சுமாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது அவருக்குக் கைவந்த கலை. வழக்கமாக ஒரு மூலையிலிருந்து மளமளவென்று வைத்துக்கொண்டே போவார், கடைசியில் பாக்கி இருக்கிற ஓட்டையில் உடைத்த துண்டைச் செருகிக் கலவையை அப்பிவிடுவார். மிச்சம் பூச்சில் போய்விடும்.

முதல் வரியை அப்படித்தான் வைத்தார். கோடு ஓர் இடத்தில் தடிமனாகவும் ஓர் இடத்தில் நூலாகவும் விழுந்தது. விடு, இதுதானே வேண்டும் என்று சொல்லிக்கொண்டார். இரண்டாவது வரிக்குக் கல் எடுத்தார். கண் முதல் வரியிலேயே நின்றது. அந்த நீளக் கல்லையும் குட்டைக் கல்லையும் இடம் மாற்றி வைத்தால் தடிமன் குறையும். குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன? அவசரப்படுத்த ஆள் இல்லை. மேலே ஏறப் பூச்சும் இல்லை. அங்கே கல்லும் அவரும்தான். ஒரு கல்லை மட்டும் எடுத்துத் திருப்பி வைத்தார். அப்புறம் பக்கத்துக் கல். கொஞ்ச நேரத்தில் வரி முழுவதையும் பெயர்த்துக் கழுவி, தரையில் உலர அடுக்கி, நீளத்துக்குப் பக்கத்தில் குட்டை, மூக்கு உடைந்த பக்கம் உள்ளே என்று கணக்குப் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

மாலையில் எழுந்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டு பார்த்தார். கல் ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு முகம். பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. இதைவிட மோசமாகக் கட்ட மனசு வரவில்லை, ஆனாலும் கல் மோசம்தானே, போதும் என்று திருப்திப்பட்டார். நீலக் கோடு போட்டார். கரண்டி கிடைத்துவிட்டது என்று காவல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அவரும் லீவு நாளைச் சும்மா கழிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மேடத்துக்குப் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தார். ஒரு பலகைமேல் கூனல் கல், உடைந்த கல், வெளுத்த கல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். குற்றம் கல்லின் மேல்தான் என்று பேசி, வேறு கல் இறக்கச் சொல்லி, நாள் வாங்கிவிடலாம் என்று திட்டம். வக்கீல் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து வைத்த அதே வாதம். எவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அவர் நினைத்திருந்தார், மச்சான் மட்டும் அதை மனதில் வாங்கி வைத்திருக்கிறார்.

அது தெரிந்ததும் வக்கீல் மாதிரிச் சுவர் இருந்த பக்கம் பார்க்காமல் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

மச்சான் நன்றாகவே பேசினார். ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக் காட்டினார். மேடம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், இடையில் தலைகூட ஆட்டினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. கடைசியாக மச்சான், "இந்தக் கல்லை வெச்சுக்கிட்டு அந்த மாதிரி கட்ட, கடவுளே கரண்டி பிடிச்சாலும் முடியாது மேடம்" என்று மாதிரிச் சுவரைப் பார்த்துக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

மேடம் சுவரிடம் போனார். விரலால் தொட்டார். விரலில் சாம்பல் நிறத்தில் ஈரமான கலவைத் தூள் ஒட்டிக்கொண்டது. கலவை காய நாள் பிடிக்கும் என்பது, கரண்டி பிடித்து முடி நரைத்த மனிதருக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது.

"இது எப்போ கட்டினது?"

எல்லோரும் வக்கீலைப் பார்த்தார்கள்.

"பழைய சுவர்தான் மேடம்" என்றார் அவர். "கலவை மட்டும் கொஞ்சம் புதுசு."

"கல்லு?"

"கல்லும் புதுசுதான்."

நெட்டை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரல் நகர்ந்தது. இந்தக் கல் எங்கே எடுத்தது என்று கேட்டார். அங்கே அடுக்கில் இருப்பதுதான், கை போன போக்கில் எடுத்தது என்றார் வக்கீல். இந்தத் தடவை அது நிஜம்.

"முதல்ல கட்டினது பொறுக்கின கல்லுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் மேடம். "மாதிரிக்கு எல்லாரும் பொறுக்கித்தான் வைப்பாங்க. நான் கல்லைப் பார்த்து வேண்டாம்னு சொல்லலை. கலவைக் கோடு ஒரே சீரா இருக்கான்னுதான் பார்த்தேன். நீங்கல்லாம் கட்டின முன்சுவர்ல அது இல்லை. கல்லு சரியில்லாததால வரலையோன்னு இப்போ இவர் பேசினப்போ எனக்கே சந்தேகம் வந்துச்சு. அந்தச் சந்தேகத்தை நீங்க தீர்த்துட்டீங்க. இந்தக் கல்லுலயே வரும்."

அதை அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன என்று வக்கீலுக்குத் தோன்றியது. கேட்கிற நிலைமையில் அவர் இல்லை.

வேறு கல் கிடையாது, முன்சுவரை இடித்துவிட்டு இதே மாதிரி கட்டுங்கள், பார்க்கிறேன் என்று மேடம் கிளம்பினார். கொஞ்சதூரம் போய்த் திரும்பி, இனிமேல் எதையாவது இடிப்பதாக இருந்தால் சொல்லிவிட்டு இடியுங்கள் என்றார்.

பலகைமேல் கூனல் கற்கள் வரிசையாக இருந்தன. மச்சான் சட்டைக் கையை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நல்லா கட்டி ஒரு தடவை கெடுத்தீங்க. சரி போகட்டும்னு விட்டேன். மோசமா கட்டலாம்னு போனீங்களே, அதையாவது உருப்படியா பண்ணக்கூடாதா?"

நெட்டை சொன்னான்: "நம்ம வக்கீலண்ணன் ஆயுசுல ஒரு கேஸ்தான் ஜெயிச்சார். அதுவும் எதிர்க்கட்சிக்கு."

அதற்குப் பிறகு வேலை நடந்த விதத்தை வக்கீல் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. உலர அடுக்கிப் பார்ப்பது எப்படி, நீளக் கல்லையும் குட்டைக் கல்லையும் எப்படி ஜோடி சேர்ப்பது என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. சாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். நடக்க நடக்கக் குரல் கொஞ்சம் ஏறியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நெட்டை வைத்த வரியை ஒருமுறை பெயர்க்கவே சொன்னார். பூச்சில் போய்விடாதா அண்ணே என்று அவன் அப்பாவி மாதிரி கேட்டான். இங்கே பூச்சு கிடையாது தம்பி என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார், சொல்லும்போது வெட்கப்படவும் இல்லை. இப்படி ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்ததில், தன் பங்குக்கு வந்த ஜன்னலோரத் துண்டைக் கடைசி நாள் சாயங்காலம்தான் தொட்டார். வெளிச்சம் குறைவதற்குள் முடிக்க வேண்டும். முடித்தார்.

மேடம் மூன்றாவது முறையாக வந்தார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் நெடுகப் போனார். பின்னால் மச்சான், அவர் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள். நெட்டையின் வரிகளைத் தாண்டினார். மூலையைத் தாண்டினார். சாக்பீஸ் கீழே இறங்கவே இல்லை. ஜன்னலோரத்தில் நின்றார். குனிந்தார். ஒரு சின்ன வட்டம் போட்டார்.

"மத்ததெல்லாம் சரி. நாளைக்கு மேல் வரி ஆரம்பிக்கலாம். இந்த இடத்தை மட்டும் எடுத்துட்டு வைக்கச் சொல்லுங்க. துண்டு செருகியிருக்கு. யார் கட்டினது?"

யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஏனென்றால் வக்கீல் அதற்குள், வெளிச்சம் குறைவாக இருந்தது என்று ஆரம்பித்துவிட்டார்.

மற்றவர்கள் கை கால் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். நெட்டை போகிறபோக்கில் உளியை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். மச்சான் தோளை ஒரு தட்டுத் தட்டினார். மரியாதையாகத்தான்.

வட்டத்துக்குள் உளியை வைத்து அவர் இரண்டு தட்டுத் தட்டியிருப்பார், போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

"வேலை இருக்கா, போச்சா?" என்றாள் மனைவி.

"இருக்கு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, "அது என்ன சத்தம்?"

"சுவரை இடிக்கிறேன்."

"யார் கட்டினது?"

"நான்தான்."

"சரி, கண்ணுல தூசி விழாம பார்த்து இடிங்க" என்றாள்.